கேட்டில் நின்ற பையன்களும் விபூதிப் பெரியவரும்

கேள்வி: எனக்கு 56 வயது. கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் மூன்று அறைகள் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில். வீட்டில் நானும், கூடமாட உதவும் ஒரு பெண்ணும்தான். வருகிறவர்களைக் கேட்டிலேயே ஒரு பார்வை பார்த்து முடிவு பண்ணிவிடுவேன். ஒன்பது வருடத்தில் என் கணிப்பு தப்பியதே இல்லை.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையன் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் பண்ணி, "ஆன்ட்டி, மூணு பேருக்கு ரூம் இருக்குமா?" என்று மரியாதையாகக் கேட்டான். இருக்கு, வாங்க என்றேன். இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். காரில் பாட்டு அலறியது. ஒருவன் காதில் கடுக்கன், இன்னொருவனுக்குக் கழுத்து வரைக்கும் பச்சை. முதலில் இறங்கியவன் கண்ணெல்லாம் சிவந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி நின்றான். எனக்குச் சரியாகப் படவில்லை. "ரூம் எல்லாம் புக் ஆயிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் இரண்டு அறை காலி. அரை மணி நேரத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், மனைவியுடன் வந்தார். பார்த்ததுமே மனசுக்கு நிறைவாக இருந்தது. அட்வான்ஸ், ஆதார் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். அவர்களும் ஒரு குறையில்லாமல் இருந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை காய் வாங்கப் போனபோது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்தப் பையன்கள் காருக்குள்ளேயே தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிவந்த கண்ணோடு நின்றவன் என்னைப் பார்த்து "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று சிரித்தான். வீட்டுக்கு வந்தால் உதவிக்கு இருக்கும் பெண், "அந்தத் தம்பி நம்ம கேட்டுக்கு வெளிய வாந்தி எடுத்திருக்கு, நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினேன்" என்கிறாள். அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். "கறுப்பா இருந்தாங்களா அத்தை?" என்று கேட்டாள். கோபம் வந்து வைத்துவிட்டேன். நான் செய்தது தப்பா? இனி யாரையும் பார்த்து எடை போடவே கூடாதா? தனியாக இருக்கும் பெண் எல்லோரையும் உள்ளே விட முடியுமா?

— பெயர் வேண்டாம், கோத்தகிரி

அன்புள்ள அக்கா,

(உங்களைவிடச் சில வயது இளையவள் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன்.)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது, விட வேண்டியதும் இல்லை. அது உங்கள் வீடு. இருட்டிய பிறகு வருகிற யாரையும் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக யாரிடமும், என்னிடமும்கூட, நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான் மல்லுக்கு நிற்கப் போவது வேறொரு வரியோடு. "ஒன்பது வருடத்தில் என் கணிப்பு தப்பியதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதோடு.

நம் ஊரில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விதைக்கிழங்கைப் பொறுக்கும்போது சந்தேகமானதை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். தள்ளிய கிழங்கு ஒன்றையும் ஊன்றிப் பார்க்காமல், "நான் ஒதுக்கினது எல்லாமே சொத்தைதான்" என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? உங்கள் கேட்டிலும் அதுதான் நடக்கிறது. நீங்கள் உள்ளே விட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்பியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. கணக்கு நோட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு, நஷ்டமே இல்லை என்று சொல்வது மாதிரி இது. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், அந்த இன்னொரு பக்கம் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அது தற்செயல். அவர்கள் ராத்திரியே கீழே இறங்கிப் போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. உங்கள் கணிப்பு இன்னொரு தடவை ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குடும்பத்தோடோ கூட்டாளிகளோடோ நாலு நாள் குளிருக்காக மலையேறி வருகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் தொல்லை தராதவர்கள்தான். கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்திருந்தாலும் உங்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆக, அந்தப் பெருமையில் கொஞ்சம் உங்கள் கண்ணுக்குப் போகட்டும், மிச்சத்தை விருந்தினர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, அந்த ஒரு பார்வையில் என்னதான் நடக்கிறது? 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜனின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் தொடொரோவும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, முரடரா என்று கேட்டார்கள். வேறு சிலருக்கு வேண்டிய மட்டும் பார்க்க நேரம் கொடுத்துக் கேட்டார்கள். இரண்டு தரப்பும் சொன்னவை பெரும்பாலும் ஒத்துப்போயின. அதிக நேரம் பார்த்தவர்களிடம் கூடுதலாக இருந்தது, தான் சொன்னது சரிதான் என்ற நம்பிக்கை. "இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்" என்று உங்களுக்கு நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். பார்க்கப் பார்க்கப் பிடிவாதம்தான் ஏறும்.

அந்த முகங்கள் உண்மையில் நம்பத் தகுந்தவர்களுடையதா என்று அந்தச் சோதனை கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பார்த்தவர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள், அவ்வளவுதான். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் பாட்டிமார் சொன்னது முழுக்கப் பொய்யென்று சொல்ல மாட்டேன். கோபம், சோர்வு, பயம், போதை எல்லாம் முகத்தில் தெரியும். ஓரளவுக்கு அன்பும் உற்சாகமும்கூடத் தெரியும். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் உளவியல் பேராசிரியராக இருந்த நளினி அம்பாடி, 1993-இல் ராபர்ட் ரோசன்தாலுடன் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் முப்பது விநாடி வீடியோவைச் சத்தமே இல்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் போட்ட மதிப்பெண், அந்த ஆசிரியர்களிடம் பருவம் முழுக்கப் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒத்துப்போனது. எனவே முதல் பார்வை வெறும் மண் இல்லை. வெளியே வழிந்துகொண்டிருப்பதை அது பிடித்துவிடும்.

நேர்மை வெளியே வழியாது. அங்கேதான் நம் கண் தோற்றுப்போகிறது. ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்தும் கேட்டும் சொல்லச் சொன்ன நூற்றுக்கணக்கான ஆய்வுகளை 2006-இல் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன தீர்ப்புகள் அவை. சரியாகச் சொன்னது சராசரியாக நூற்றுக்கு 54. காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். யார் பில் கட்டாமல் போவார், யார் பீரோவைத் திறந்து பார்ப்பார் என்பதைக் கேட்டில் நின்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும் என்று உங்களைப் போலவே நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இருபது வருடமாக மனிதர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறவள் நான். எனக்கும் அந்த 54-தான்.

இப்போது அந்தச் சாயங்காலத்தைத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மே மாத வெயிலில் புறப்பட்டு, வளைவு வளைவாக ஏறி, இருட்டில் குளிரில் இறங்குகிறான் ஒரு பையன். கண் சிவந்திருக்கிறது, தாடையை இறுக்கியிருக்கிறான், விழாமல் இருக்கக் கேட்டைப் பிடித்திருக்கிறான். இதெல்லாம் அவன் குணத்தைச் சொல்கிறதா, நம் மலைப்பாதையைச் சொல்கிறதா? வாந்தி வருகிறவன் வாயைத் திறந்து சிரிக்க மாட்டான், அக்கா. முன்பின் தெரியாதவர் முகம் சுளித்தால் அது அவர் சுபாவம் என்போம். நாமே சுளித்தால் தலைவலி என்போம். உளவியலில் இதைப் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். லீ ராஸ் 1977-இல் இதற்கு ஒரு பெரிய பெயரே வைத்தார்: அடிப்படையான காரணப் பிழை.

என் கதையும் ஒன்று உண்டு. முதன்முதலாகக் குன்னூரில் வீடு பார்க்க வந்தபோது நான் பஸ்ஸில் மூன்று இடத்தில் தலையை வெளியே நீட்டினேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது முடி கலைந்து, கண் கலங்கி, வார்த்தை குழறி நின்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வீடு கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் வர்க்கியும் டீயும் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு உங்களைப் பார்த்து, என்னமோ பிரச்சினை பிடிச்ச பொண்ணுன்னு நினைச்சேம்மா." மனநல ஆலோசகரைப் பார்த்து! சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று வருடமும் அவர் என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று ஜன்னல் வழியாகக் கணக்கு எடுத்திருக்கிறார்.

உங்கள் கதையில் எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அந்தப் பையனைப் பற்றிய முதல் அபிப்பிராயம் உங்களுக்குக் கேட்டில் உண்டாகவில்லை. மத்தியானமே போனில் உண்டாகிவிட்டது. மரியாதையாகப் பேசினான், நீங்களும் வாங்க என்றீர்கள். கேட்டில் ஒரு நொடியில் அந்தக் குரலை முகம் அழித்துவிட்டது. உங்கள் கண்ணுக்குப் பட்ட வரிசையைப் பாருங்கள்: முதலில் அலறும் பாட்டு, அப்புறம் கடுக்கன், பச்சை, கடைசியில் சிவந்த கண். 1946-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரே ஆறு குணங்களை இரண்டு வரிசையில் படித்துக் காட்டினார். "புத்திசாலி, உழைப்பாளி" என்று தொடங்கி "பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்" என்று முடித்தால், கேட்டவர்களுக்கு அவர் சில குறைகள் உள்ள திறமைசாலி. அதையே தலைகீழாகப் படித்தால், அவர் ஏதோ கோளாறு உள்ள ஆசாமி. பாட்டு அலறாமல் இருந்திருந்தால் அதே சிவந்த கண்ணைப் பார்த்து "என்னப்பா, உடம்பு முடியலையா?" என்று கேட்டிருப்பீர்களோ என்னவோ.

நீங்கள் உள்ளே விட்டிருந்தாலும் அந்த முகத்தை மறந்திருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். சாவியை நீட்டும்போது கை தயங்கும், "பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது" என்பது கொஞ்சம் வெடுக்கென்று வரும், அவர்களும் முறைப்பாகத்தான் பதில் சொல்வார்கள். பார்த்தீர்களா, நான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும். 1977-இல் மார்க் ஸ்னைடரும் கூட்டாளிகளும் இதைப் போன் உரையாடலிலேயே காட்டிவிட்டார்கள். எதிர்முனையில் இருப்பவர் அழகானவர் என்று ஒரு போட்டோவை வைத்து நம்பவைக்கப்பட்ட ஆண்கள் பேசியபோது, போட்டோவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத எதிர்முனைப் பெண்கள் நிஜமாகவே இன்னும் கலகலப்பாகப் பேசினார்கள். நாம் எதிர்பார்க்கிற ஆளை நாமே கொஞ்சம் செய்துவிடுகிறோம்.

இனி அந்தப் பெரியவருக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் பயந்தது அவர் வந்த இடத்தில்தான். பையன்கள் வெளியே போய்விட்டார்கள். அவரோ உங்கள் வீட்டுக்குள் இரவு தங்கினார். பெயர் தெரியாது, ஆதார் இல்லை, அட்வான்ஸ் இல்லை, வண்டி நம்பர் எழுதவில்லை. விபூதிதான் அடையாள அட்டை. அவர் நல்லவராக இருந்தார், சந்தோஷம். ஏமாற்ற நினைக்கிற ஒருவர் உங்கள் கேட்டுக்கு எப்படி வருவார் என்று யோசியுங்கள். பாட்டை அலற விட்டுக்கொண்டு, கழுத்தில் பச்சையோடு வருவாரா? நெற்றியில் விபூதியோடுதான் வருவார். ஒரு நல்ல அம்சத்தைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் அந்த வெளிச்சத்திலேயே பார்க்கிற பழக்கத்தை எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதிவைத்தார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடல்வாகுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குப் புத்திக்கும் குணத்துக்கும் தலைமைக்கும் சேர்த்தே நல்ல மதிப்பெண் விழுந்திருந்தது. தனியாக இருக்கும் பெண் என்ற பயத்தில்தானே பையன்களைத் திருப்பினீர்கள்? அதே காரணம் அரை மணி நேரத்தில் எங்கே போனது?

அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கும் வரத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது, பதில் இல்லை. எனக்கும் நீங்கள் பதில் எழுத வேண்டாம். ஆனால் நம் ஊர்களில் ஒரு முகத்தைப் பார்த்ததும் நாம் படிப்பது முகத்தை மட்டுமில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறம், நெற்றி, பேச்சு வழக்கு. "தம்பிக்கு எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு?" என்று சிரித்தபடி நாம் தோண்டுவது என்ன என்று நமக்குத் தெரியாதா? இங்கே மலையில் வண்டி நம்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். டிஎன் 43 என்றால் நம்மாள், கேஏ என்றால், கேஎல் என்றால் என்று ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. அந்தப் பெண் கேட்டது குற்றச்சாட்டு மாதிரி உங்களுக்குப் பட்டிருக்கும். எனக்கென்னவோ, உங்களிடம் அப்படிக் கேட்கிற தைரியம் உள்ள ஒரு பெண் குடும்பத்தில் இருப்பது நல்லதென்று தோன்றுகிறது. போனை வைத்ததற்காக அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

சரி, நாளைக்கு ஒரு கார் வந்து நின்றால் என்ன செய்வது? மனதில் எண்ணமே வரக் கூடாது என்று சொன்னால் அது நடக்காத காரியம். வருவது பத்தில் ஒரு பங்கு விநாடியில் வந்துவிடும். முடிவை மட்டும் தள்ளிப்போட முடியும். 1950-களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் எடுக்கும் நேர்காணலைத் திருத்தி அமைக்கும் வேலை, இருபது வயதைத் தாண்டியிருந்த டேனியல் கானமனிடம் வந்தது (பின்னாளில், 2002-இல், பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்). அதுவரை அதிகாரிகள் ஆளிடம் பேசிவிட்டு மனதில் பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பலிக்கவில்லை. கானமன், ஆறு விஷயங்களைப் பற்றி எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் அங்கங்கே மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள் என்றார். அதிகாரிகள் முறுக்கிக்கொண்டார்கள், எங்களை இயந்திரமாக ஆக்குகிறீர்களே என்று. அவர்களைச் சமாதானப்படுத்தக் கடைசியில் ஒன்று சேர்த்தார்: எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இந்த ஆள் சிப்பாயாக இருந்தால் எப்படி இருப்பான் என்று நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடுங்கள். பார்த்தால் அந்தக் கண்மூடி மதிப்பெண்ணும் நன்றாகப் பலித்தது. மனதில் படுவது பொய்யில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு பட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு அது இப்படி இருக்கலாம். அறை கேட்டு போன் வரும்போதே எத்தனை பேர், எந்த ஊர், வண்டி நம்பர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பாதி வாடகையைப் போனிலேயே அனுப்பச் சொல்லுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் உண்டு. அதையும் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். வந்ததும் கேட்டுக்கு வெளியே வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், வராந்தாவில் உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள். மலையேறி வந்தவன் முகம் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். குடித்திருந்தால் அதுவும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டீ குடிக்கும்போது உதவிக்கு இருக்கும் பெண் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்கப்புறமும் உள்ளே ஏதோ நெருடினால் தயங்காமல் அனுப்பிவிடுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டையும் போனில் முன்னாலேயே பதிந்து வைத்திருங்கள். ஆனால் இதில் எதையும் விபூதிக்குத் தள்ளுபடி செய்யக் கூடாது. பெரியவருக்கும் ஆதார், பெரியவருக்கும் அட்வான்ஸ்.

ஆண்கள் மட்டும் வந்தால் அறை தருவதில்லை என்று முடிவு பண்ணினால் அதுவும் உங்கள் இஷ்டம். எனக்கு அந்த விதி பிடிக்காது, ஆனால் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்கிற விதியைவிட அது தேவலை. போனிலேயே சொல்லிவிடலாம், அவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே வேறு இடம் தேடிக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் ஒரு லாட்ஜில் இடமில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். கோடநாடு ரோட்டில் சீசன் சனிக்கிழமை, இருட்டிய பிறகு, கரடியும் காட்டெருமையும் உலவும் பாதையில் "ரூம் இல்லை" என்பது வேறு மாதிரி விஷயம். வாங்க என்று நாமே மேலே வரவழைத்துவிட்டு அப்படிச் சொன்னதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் நியாயமானது.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். பயந்தது தப்பில்லை. இருக்கிற அறையை இல்லை என்றது தப்பு. அந்தப் பையனின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால் கூப்பிட்டு, "அன்னைக்கு ரூம் இருந்துச்சு தம்பி, நான்தான் பயந்துட்டேன்" என்று சொல்லுங்கள், போதும். அவன் எடுக்காமலும் போகலாம்.

அப்புறம், அந்தப் பெரியவரின் பெயரும் ஊரும் கொஞ்சமாவது ஞாபகம் இருந்தால், இன்றைக்கே பதிவேட்டில் எழுதி வைத்துவிடுங்கள். என்றைக்காவது போலீஸ் வந்து கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.